வானம் கறுத்தாலே வீடு மாறிவிடும்: இடிக்குப் பயந்த ஒரு சிறுமி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஐந்தரை வயதுச் சிறுமி. அம்மா, அப்பா, அம்மாவைப் பெற்ற பாட்டி, ஒரு வயதுத் தம்பி என்று ஐந்து பேர் உள்ள வீடு. "இடி இடிச்சா ரொம்பப் பயப்படுறா" என்பதுதான் பெற்றோர் சொல்லிக்கொண்டு வந்த பிரச்சினை. எந்தக் குழந்தைதான் இடிக்குப் பயப்படாது என்று கேட்கலாம். சரியான கேள்விதான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இடி, இருட்டு, நாய், முகமூடி என்று ஏதாவது ஒன்றுக்குப் பயப்படாத குழந்தை அபூர்வம். பெரும்பாலும் அந்தப் பயம் வந்த வழியே போய்விடும். இந்த வீட்டில் அது போகவில்லை, ஓராண்டாக வளர்ந்துகொண்டே வந்தது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் இடி இடிக்கும்போது மட்டும் அழுதாள். கொஞ்ச நாளில் மின்னலைப் பார்த்தாலே அழுகை. அப்புறம் காற்று பலமாக வீசினால். அப்புறம் வெயில் மங்கினால். எங்களிடம் வந்த சமயத்தில், காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பதுதான் அவளுடைய முதல் வேலையாக இருந்தது. மேகம் இருந்தால் பள்ளிக்குப் போக மாட்டாள். வயிறு வலிக்கிறது என்பாள். வலி பொய்யல்ல, பதற்றத்தில் குழந்தைகளுக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும்.

தொடக்கம் ஓர் இரவில். பக்கத்தில் எங்கோ பலத்த இடி விழுந்திருக்கிறது. கரண்ட் போய்விட்டது. அவள் விழித்தபோது அறை கும்மிருட்டு, பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா அடுத்த அறையில் தம்பியைத் தூக்கிக்கொண்டு டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார். சில நிமிடங்கள்தான். ஆனால் சத்தம், இருட்டு, தனிமை மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த சில நிமிடங்கள் அவை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது, ஏனென்றால் பெற்றோர் சத்தத்தை மட்டும்தான் எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

பயம் என்று முடிவு கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். சத்தமே தாங்காத குழந்தைகள் உண்டு. பலூன் வெடித்தால், மெஷின் ஓடினால், பள்ளியில் மைக் கீச்சிட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அது காது சம்பந்தப்பட்டதாகவோ ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடு சம்பந்தப்பட்டதாகவோ இருக்கலாம். அங்கே அணுகுமுறை வேறு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது கெடுதல்கூடச் செய்யும். இவளுக்கு அப்படி இல்லை. பலூனைத் தானே குத்தி வெடித்துச் சிரிக்கிற ரகம். காது பரிசோதனையிலும் குறை இல்லை.

புயலில் வீடு இடிந்தோ, வீட்டில் யாருக்காவது அடிபட்டோ இருந்தாலும் கதை வேறு. அது அதிர்ச்சிக்கான சிகிச்சை, வெறும் பயத்துக்கானது அல்ல. திரும்பத் திரும்ப அதே கெட்ட கனவு, விளையாட்டில் அதே காட்சி, முன்பு தெரிந்த பழக்கங்களையும் இழந்துவிடுவது போன்றவை இருக்கின்றனவா என்று விசாரித்தோம். இல்லை. அம்மாவை விட்டுப் பிரிவதில் பொதுவான கஷ்டமும் இல்லை, வெயில் நாளில் கையை உதறிக்கொண்டு பள்ளிக்குள் ஓடுகிறவள்தான்.

மிச்சம் இருந்தது குறிப்பிட்ட ஒன்றின் மீதான அளவு மீறிய அச்சம், அதாவது ஃபோபியா. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5இல் புயல், உயரம், நீர் மீதான அச்சங்கள் 'இயற்கைச் சூழல்' என்ற பிரிவில் வரும். பொதுவாக ஆறு மாதமாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயர். பள்ளி போகாத நாட்கள் கூடிக்கொண்டே போனதால் இவளுக்கு அது பொருந்தியது. பெயர் வைப்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று உறவினர் சொல்லிக் குமைந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாயிற்று.

மூன்றாவது பத்தி

பெற்றோரை ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னோம். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, வானம் எப்படி இருந்தது, குழந்தை என்ன செய்தாள், பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். மூன்றாவது பத்தி எதற்கு என்று அப்பா கேட்டார். எழுதித்தான் பாருங்களேன் என்றோம்.

நோட்டு திரும்பி வந்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, அவள் மிக மோசமாகத் தவித்த பல நாட்களில் இடியே இடிக்கவில்லை. மேகம் கூடியது, கலைந்தது, அவ்வளவுதான். அவளுடைய துன்பத்தில் பெரும் பங்கு இடிக்கு முந்தைய காத்திருப்பில் இருந்தது. இரண்டாவது, அந்தக் காத்திருப்பில் அவள் தனியாக இல்லை, வீடே சேர்ந்து காத்திருந்தது.

ஒரு நாளின் பதிவைச் சுருக்கிச் சொல்கிறேன். மதியம் வெயில் மங்குகிறது. குழந்தை தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள், கவனிக்கவில்லை. பாட்டி எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடுகிறார். சத்தம் கேட்டு அவள் தலை நிமிர்கிறாள். அம்மா டிவியின் வால்யூமைக் கூட்டுகிறார். அலுவலகத்திலிருந்து அப்பா போன்: "அங்க மேகம் போட்டிருக்கா? பாப்பா எப்படி இருக்கா?" போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. குழந்தை கேட்கிறாள்: "மழை வருமா?" அம்மா போனில் வானிலை ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "வராதும்மா" என்கிறார். ஐந்து நிமிடத்தில் மறுபடி "வருமா?" மறுபடி ஆப். மூன்றாவது தடவை பாட்டி அவளை மடியில் போட்டுக் காதைப் பொத்துகிறார். இடி இன்னும் இடிக்கவில்லை. அன்று இடிக்கவும் இல்லை.

இதில் யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொன்றும் அன்பினால் செய்தது, அந்த நிமிடத்துக்குப் பலனும் கொடுத்தது. அதனாலேயே அது பழக்கமாகியது. ஆனால் குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால், திரை மூடுவதும் டிவி சத்தம் ஏறுவதும் அப்பா நடுப்பகலில் போன் செய்வதும் அபாயச் சங்கு. இத்தனை பெரியவர்கள் இத்தனை அவசரமாக இயங்கினால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்றுதானே அர்த்தம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டை வீட்டுக்காரர்களே இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"வராதும்மா" என்ற பதிலுக்கும் ஒரு விலை இருந்தது. சில நாள் வந்துவிட்டது. வானத்தின் சார்பாக அம்மா கொடுத்த வாக்கு பொய்த்தபோது, அடுத்த முறை அந்த வாக்கின் மதிப்பு குறைந்தது. மதிப்புக் குறைந்த பதிலை ஒரு தடவை கேட்டால் போதாது, பத்துத் தடவை கேட்க வேண்டியிருந்தது.

உளவியலாளர் ஓ. ஹோபார்ட் மௌரர் 1947இல் முன்வைத்த இரு கட்ட விளக்கம் இங்கே அப்படியே பொருந்தும். பயம் ஒரு நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொள்வது முதல் கட்டம், அதைத் தவிர்ப்பதால் கிடைக்கும் நிம்மதி அந்தப் பயத்தைக் காப்பாற்றி வைப்பது இரண்டாம் கட்டம். மடியில் ஒளிந்து இடி கடந்துபோனால், 'இடி ஒன்றும் செய்யவில்லை' என்ற பாடம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. 'மடி காப்பாற்றியது' என்பதுதான் கிடைக்கிறது.

ஆகவே முதல் சில வாரங்கள் குழந்தையைத் தொடவே இல்லை. பெரியவர்களைத்தான் மாற்றினோம்.

பெரியவர்களின் வீட்டுப்பாடம்

பெற்றோர் வழியாகக் குழந்தையின் பதற்றத்தைக் குறைப்பது புதிய யோசனை அல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய முறையில் குழந்தையைச் சந்திக்காமலேயே, பெற்றோருடன் மட்டும் வேலை செய்வார்கள். அந்த முறையைச் சோதித்த ஆய்வில் இருந்தவர்கள் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், எங்கள் சிறுமி அதைவிடச் சின்னவள். அதனால் முறையை அப்படியே எடுக்காமல் அதன் மையக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பயத்துக்காக வீடு செய்துகொண்ட மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவது, பெறும்போது குழந்தையைக் கைவிடாமல் இருப்பது.

பட்டியலில் எளிதானவற்றை முதலில் எடுத்தோம். அப்பாவின் போன் நின்றது. டிவி இருந்த வால்யூமிலேயே இருந்தது. திரையை வழக்கமான நேரத்துக்கு மூடுவார்கள், வானத்தைப் பார்த்து அல்ல. குடை எடுக்கலாமா என்று பார்க்க எல்லோரும் செய்வதுபோல அம்மா காலையில் ஒரு தடவை ஆப்பைப் பார்ப்பார், அதோடு சரி.

கஷ்டமானது பதில் சொல்லும் விதம். "பயப்படாதே" என்பதும் "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்பதும் போயின. முதலாவது நடக்காத காரியம், இரண்டாவது அவமானம். அவற்றின் இடத்தில் இரண்டு பகுதி கொண்ட பதில் ஒன்றைப் பழகினார்கள். முதல் பகுதி பயத்தை ஒத்துக்கொள்வது, இரண்டாவது நம்பிக்கை சொல்வது: "உனக்குப் பயமா இருக்கு, தெரியுது. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உன்னால இருக்க முடியும்." "மழை வருமா?" என்றால், "வரலாம். வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்." ஒரே தடவை. மறுபடி கேட்டால், "இதுக்கு ஏற்கெனவே பதில் சொன்னேன். என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்."

கேள்விகள் முதலில் கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தோம். கூடின. வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது குழந்தை இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பாள். இந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்தால், பலமாகத் தட்டினால் திறக்கும் என்பதுதான் அவள் கற்றுக்கொள்வது. ஒரு வாரம் போல வீடு தவித்தது. பிறகு கேள்விகள் தணிந்தன.

பாட்டியிடம்தான் உண்மையான சோதனை. "குழந்தை துடிக்கிறதைப் பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மடியைப் பறிப்பது நோக்கமே அல்ல. ஐந்து வயதுக்கு ஆறுதல் வேண்டும், அது உடம்பால் வரும் ஆறுதலாகத்தான் இருக்கும். அதனால் பாட்டிக்கு ஒரு வேலை கொடுத்தோம். தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடாமல், அவள் இருக்கிற இடத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருக்க வேண்டும். காதைப் பொத்தக் கூடாது. இடி இடித்ததும், "சரியான சத்தம்!" என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அவர் இதை எங்களைவிட நன்றாகச் செய்தார். இரண்டு மூன்று மழைக்குப் பின், "இது போன தடவை மாதிரி இல்லையே, சின்னதா இருக்கே" என்று இடிக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளியிலும் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட்டது. அவள் அழுதால் வீட்டுக்கு போன் போகும், பாட்டி வந்து கூட்டிப்போவார். ஆசிரியை அவளைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி, கையில் ஒரு வேலை கொடுத்து, வழக்கமான நேரத்துக்கே அனுப்ப ஒத்துக்கொண்டார்.

"இடிக்கு ஏன் என்மேல கோவம்?"

குழந்தையோடு வேலை தொடங்கியபோது முதலில் படம் வரையச் சொன்னோம். அவள் வரைந்த இடிக்கு இரண்டு கண்ணும் ஒரு பெரிய வாயும் இருந்தன. வாய் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இந்த வயதில் உயிரில்லாதவற்றுக்கும் எண்ணமும் நோக்கமும் உண்டு என்று குழந்தைகள் கருதுவதை, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக எழுதியிருக்கிறார். நிலா கூடவே வருகிறது, கதவு வேண்டுமென்றே இடித்தது, இடி கோபத்தில் கத்துகிறது. அப்படி நம்பும் குழந்தையிடம் "ஒண்ணும் செய்யாது" என்றால் எடுபடாது. கோபமாக இருக்கிற ஒருவர் ஒன்றும் செய்ய மாட்டார் என்று யார் நம்புவார்கள்?

அதனால் இடியின் கோபத்தை எடுத்துவிட வேண்டியிருந்தது. மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று ஒரே நொடியின் மிகச் சிறு பகுதியில் விரிந்து தள்ளும் அதிர்வுதான் இடி. அவளிடம் சொன்னது இவ்வளவே: "மின்னல் போற வழியில காத்து சட்டுனு சூடாயிடும். சூடான காத்து குபீர்னு பெருசாகும். அந்தச் சத்தம் நம்ம காதுக்கு வரும். அதுக்குப் பேருதான் இடி." காற்றா, என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். காற்றுக்குக் கண் உண்டா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். யோசித்துவிட்டு, இல்லை என்றாள்.

அடுத்தது, சத்தம் பிந்தி வருவது. இதை வாயால் விளக்குவது வீண். ஒரு பெரிய மைதானத்தில் அப்பா மறுகோடிக்குப் போய்ப் பெரிய தகர டப்பாவைக் கோலால் அடித்தார். கோல் டப்பாவில் படுவது கண்ணுக்கு முதலில் தெரிந்தது, 'டங்' கொஞ்சம் கழித்து வந்தது. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் நின்றாலே இந்த இடைவெளி நன்றாகப் புரியும். அவள் அப்பாவைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னாள், பக்கத்தில் வரச் சொன்னாள், தூரப் போகச் சொன்னாள். அப்பாவுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஆனால் இடி என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின் சத்தம், அது கேட்கும்போது அந்த மின்னல் போய்விட்டது என்ற செய்தி, பத்து விளக்கங்களால் போகாத இடத்துக்கு அன்று போயிற்று.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். இதையும் சொல்லிக்கொடுத்தோம். நீளமாக உருண்டுகொண்டே போகும் இடிதான் அவளை அதிகம் பயமுறுத்தியது, நம் பக்கம் உருண்டு வருகிறது என்று நினைத்திருந்தாள். மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளமானது, பக்கத்து முனையின் சத்தம் முதலிலும் தூரத்து முனையின் சத்தம் கடைசியிலும் வந்து சேர்கிறது என்று விரலால் மேஜையில் கோடு போட்டுக் காட்டியபோது, "அப்போ வால் லேட்டா வருதா?" என்றாள். ஆமாம், வால் லேட்டாக வருகிறது.

படிப்படியாக

பயந்த பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவரும் முறைக்கு வயது நூறுக்கு மேல். உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் எழுதிய பீட்டர் என்ற சிறுவனின் கதை அதன் தொடக்கங்களில் ஒன்று. மூன்று வயதுகூட நிரம்பாத அவனுக்கு முயலென்றால் பயம். அவன் விரும்பிச் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் நெருக்கிக் கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத குழந்தைகளையும் அவனோடு விளையாட விட்டார். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

இடியைக் கூண்டில் அடைக்க முடியாது. பதிவு செய்த சத்தம்தான் வழி. போனில் இடிச் சத்தத்தைப் பகல் வெளிச்சத்தில், மிகக் குறைந்த வால்யூமில், பொத்தான் அவள் கையிலேயே இருக்கும்படி தொடங்கினோம். பிறகு சத்தம் கூடியது. பிறகு விளக்கு அணைந்தது. பிறகு அப்பா டார்ச்சை மின்னல் மாதிரி அடிக்க, சில நொடி கழித்து அம்மா சத்தத்தைப் போட்டார். அப்புறம் அவளுடைய படுக்கையறையில், இரவில், அம்மா அடுத்த அறையில் இருக்கும்போது. முதல் இரவில் சேர்ந்து வந்த மூன்றில் இருட்டையும் தனிமையையும் இப்படித்தான் உள்ளே கொண்டுவந்தோம். சத்தத்தோடு மட்டும் நின்றிருந்தால் பகல் இடிக்கு மட்டும் பழகியிருப்பாள்.

பயத்தின் அளவைச் சொல்ல எண்கள் அவளுக்குச் சரிப்படவில்லை. கையால் சொன்னாள். மூடிய கை என்றால் பயமில்லை, ஐந்து விரலும் விரிந்தால் தாங்க முடியாத பயம். மூன்று விரல் வரை இருந்தால் தொடர்வோம், ஐந்தானால் அதே படியில் சற்று நிற்போம். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, ஒவ்வொரு முறையும் முன்னால் கேட்ட ஒரு கேள்வி: "இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறே?" ஒரு நாள், "செவுரு உடைஞ்சிடும்" என்றாள். சத்தம் முடிந்ததும் எழுந்து போய்ச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். மூலையையும் தட்டினாள். "உடையல" என்று அறிவித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை அவளே கண்டுபிடிப்பதுதான் நிலைக்கும் என்று மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்தச் சுவர்த் தட்டலைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது.

பதிவுக்கு ஒரு எல்லை உண்டு. போன் ஸ்பீக்கரில் இடியின் அடிநாதம் வராது, ஜன்னல் கண்ணாடி நடுங்காது. அப்பா ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்த பிறகே அந்த நடுக்கத்தில் கொஞ்சமாவது ஒத்திகை பார்க்க முடிந்தது. நிஜ இடிக்கு ஈடு அதுவும் இல்லை. மூச்சுப் பயிற்சியாகச் சோப்புக் குமிழி ஊதுவதையும் சேர்த்தோம். உதவியது, ஆனால் அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நிஜ வானம்

முதல் நிஜ இடி ஒரு பிற்பகலில் வந்தது. மணி கோத்துக்கொண்டிருந்தவள் மின்னலைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அம்மா இழுக்கவில்லை, "வெளியே வா" என்றும் சொல்லவில்லை. மணிக் கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்து, தானும் உட்கார்ந்து கோத்தார். ஐந்து விரல். அடுத்த இடிக்கும் ஐந்து. கொஞ்ச நேரத்தில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு சிவப்பு மணி ஒன்றை எடுத்தது. மழை முடியும்போது அவள் பாதி உள்ளே, பாதி வெளியே. அம்மா இதை நோட்டில் 'சுமாரான நாள்' என்று எழுதியிருந்தார். எங்கள் கணக்கில் அது மிக நல்ல நாள். இடி முழங்கும்போதே கை வேலை செய்தது.

எண்ணுவது அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதே தொல்லையாகவும் ஆனது. சில மழைக்குள், மின்னல் அடித்ததும் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஆனது. தம்பி அழுதால் எண்ணிக்கை தப்பிவிடும், தப்பினால் அழுகை. தூரம் கண்டுபிடிக்கத் தந்த கணக்கு, பயத்தைத் தடுக்கும் மந்திரமாக மாறிக்கொண்டிருந்தது. பதற்றம் உள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி நடக்கும். எந்த உத்தியைக் கொடுத்தாலும் அதைத் தாயத்தாக்கிக் கட்டிக்கொள்வார்கள். அதனால் எண்ணிக்கையை விளையாட்டாகத் தளர்த்தினோம். ஒரு மின்னலுக்கு எண்ணுவது, அடுத்ததற்கு எண்ணாமல் கணிப்பது, அதற்கடுத்ததற்குப் பாதியில் விட்டுவிட்டுப் படத்தைத் தொடர்வது. பாதியில் விட்ட அன்றும் இடி இடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அதை அவளே கவனித்துச் சொன்னாள்.

சில வாரம் கழித்து இரவு மழையும் கரண்ட் கட்டும் சேர்ந்தே வந்தன. டார்ச் கட்டிலின் தலைமாட்டில் ஓர் இடத்தில் நிரந்தரமாக இருந்தது, இருட்டிலேயே தடவி எடுக்கப் பழகியிருந்தாள். அலறவில்லை, டார்ச்சை அடித்து அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று விரல் என்றாள். அன்று அவள் தூங்க நேரமானது, ஆனால் தன் கட்டிலிலேயே தூங்கினாள்.

பயமும் எச்சரிக்கையும்

இந்த வகைப் பயத்தில் ஒரு சிக்கல் உண்டு, முயல் பயத்தில் அது கிடையாது. மின்னல் நிஜமாகவே கொல்லும். ஆகவே 'இடியில் பயப்பட ஒன்றுமில்லை' என்று கற்றுக்கொடுப்பது பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அவளுக்குச் சொன்னது இது: வெளியே இருக்கும்போது இடி கேட்டால் விளையாட்டை விட்டுவிட்டு உடனே கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். வீட்டுக்குள் இருந்தால் குளியல், குழாய், சார்ஜில் போட்ட போன் ஆகியவற்றை விட்டு விலகி இருந்தால் போதும். வீட்டுக்குள் வந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, அதற்கு மேல் காதைப் பொத்துவதாலோ ஒளிவதாலோ பாதுகாப்பு கூடுவதில்லை. விதி எங்கே முடிகிறது என்று தெளிவாகச் சொல்வதுதான் பதற்றமுள்ள குழந்தைக்கு உதவுகிறது, இல்லாவிட்டால் விதிகளை அவளே பெருக்கிக்கொண்டு போவாள்.

பழக்கும் பயிற்சியும் இந்த எல்லைக்குள்தான். மின்னலைப் பார்ப்பது மூடிய ஜன்னலிலிருந்து தள்ளி, அறைக்குள் நின்றபடி. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், "பார், ஒண்ணும் ஆகல" என்று காட்ட ஓர் உறவினர் முன்வந்தார். அவரைத் தடுத்தோம். பயம் போகவேண்டும் என்ற அவசரத்தில் சில பெற்றோரும் இதைச் செய்கிறார்கள், செய்யவே கூடாது.

இன்றைய நிலை

அந்த மழைக்காலம் முடியும்போது, மேகம் இருக்கிறது என்பதற்காகப் பள்ளியைத் தவறவிடுவது நின்றிருந்தது. காலையில் ஜன்னலுக்குப் போகும் பழக்கம் தானாகவே உதிர்ந்தது, எப்போது நின்றது என்று நோட்டில்கூடச் சரியாக இல்லை. பகல் இடிக்கு ஒரு விரல், சில சமயம் மூடிய கை. இரவு இடி இன்னும் பிடிக்காது. பலமாக இடித்தால் எழுந்து பெற்றோர் அறைக்கு வருகிறாள். அதை மாற்ற நாங்கள் முயலவில்லை. நடுநிசியில் வீடு அதிரும்போது ஆறு வயதுக் குழந்தை அப்பா அம்மாவிடம் வருவது நோய் அல்ல. வந்தால் ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள்.

மழையில்லாத மாதங்கள்தான் அடுத்த கவலை. இப்படிக் கற்றது பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றை எழுதி வைக்கிறது. நீண்ட இடைவெளியும் ஒரு பெரிய அதிர்ச்சியும் சேர்ந்தால் பழையது மேலே வந்துவிடும். பீட்டருக்கும் அது நடந்தது. நடுவில் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து மிரட்ட, முயல் பயம் முன்னிருந்த அளவுக்குத் திரும்பியது. ஜோன்ஸ் மறுபடி அடியிலிருந்து தொடங்கினார், இரண்டாம் முறை பலித்தது.

அதனால் பெற்றோரிடம் ஒரு ஏற்பாடு சொல்லி அனுப்பினோம். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு பெரிய ஸ்பீக்கரையும் டார்ச்சையும் மறுபடி எடுக்க வேண்டும். முதல் நிஜ இடிக்கு ஐந்து விரல் வந்தால் கலங்கக் கூடாது, பழைய படிகள் இந்தத் தடவை வேகமாக ஏறும். பயம் மழையைத் தாண்டி வேறு விஷயங்களுக்குப் பரவினாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, சில வாரமாகியும் பள்ளிக்குப் போக மறுத்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும். இன்னொன்றும் சேர்த்துச் சொன்னோம்: தம்பிக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது, அக்காவைப் பார்த்து அவனும் காதைப் பொத்தக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பெரும்பாலும் அது விளையாட்டுதான். அதைப் பார்த்துவிட்டு யாரும் திரையை இழுத்து மூட வேண்டாம்.